பதினான்காம் கட்டு

சேன்-ஜாக் தெருவில்
ஆட்டுத்தோல் நாற்றம் முடியும் இடத்தில் என் கடை.
நான் புத்தகம் விற்பதில்லை.
கட்டுக் கட்டாகப் பிரித்து வாடகைக்கு விடுகிறேன்.
கட்டுக்கு எட்டுப் பக்கம், வாரத்துக்கு ஒரு தெனியே,
காசில்லாதவன் ஏதாவது அடகு வைக்கலாம்.
மூலத்தில் பிழை இருந்தால் அபராதம் எனக்கு.
பல்கலைக்கழகத்தார் முன்னால்
நற்செய்தி ஏட்டில் கைவைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன்.

லத்தீன் எனக்குப் பாதிதான்.
ஆன்ஸ்லோ செத்தபோது விட்டுப்போனவை
கடை, கடன், அந்தப் பாதி லத்தீன்.
ஆனாலும் அந்தச் சொல்லை உருவம் பார்த்தே சொல்வேன்.
முதலில் ஒரு பாம்பு,
அடுத்து வால் நீண்ட எழுத்து,
கடைசியில் மறுபடியும் பாம்பு.
சிந்தெரேசிஸ்.
பதினான்காம் கட்டில் முப்பத்தொரு தடவை.

ஒரு பத்தியில் அது தீப்பொறி,
காயீனின் நெஞ்சிலும் அணையாதது.
ஒரு பத்தியில் கழுகு:
மனிதனுக்கும் சிங்கத்துக்கும் எருதுக்கும் மேலே பறப்பது.
நரகத்தில் வேகிறவனுக்குள்ளும்
முணுமுணுத்துக்கொண்டே இருக்குமாம்.
அறிவில் இருக்கிறது என்கிறார்கள் கறுப்பு அங்கிக்காரர்கள்,
விருப்பத்தில் என்கிறார்கள் சாம்பல் அங்கிக்காரர்கள்.
மழைக்கு என் கடைக்குள் ஒதுங்கிய இருவர்
இதற்காக அடித்துக்கொண்டு
ஒரு மைக்குடுவையை உடைத்தார்கள்.
மைக்குக் காசு தரவில்லை.

இருபத்தேழாம் இடத்தில்
ஆசான் ரெனியே எழுதுகிறார்:
இது ஒருபோதும் பிழைபடாது.

புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்
கலாப்ரியாவிலிருந்து வந்த நைலோஸ் துறவி
இந்தக் கட்டைப் புரட்டினார்.
தாடிக்குள் சிரித்தார்.
"இது எங்கள் ஊர்ச் சொல், அம்மா.
காத்து வைத்தல். மீனை உப்பில் போடுகிறோமே, அப்படி.
ஆனால் இந்த இடத்தில் இருக்க வேண்டியது இதுவல்ல.
கூடவே இருந்து அறிவது என்று வேறொரு சொல் உண்டு.
பழைய ஏடு ஒன்றில்
எவனோ தூக்கக் கலக்கத்தில்
நடுவில் இரண்டு மூன்று எழுத்தைப் புரட்டியிருக்கிறான்.
எனக்கு அப்படித்தான் படுகிறது."
வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.
போய்விட்டார்.

கதவைச் சாத்தினேன்.
பிழைபடாத ஒன்றுக்கு
பிழையாய்ப் பிறந்த பெயர்.
முப்பத்தொன்றையும் எண்ணினேன்.
இந்தத் தெருவில் மட்டும் எத்தனை கட்டு,
ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனவை எத்தனை,
பொலோன்யாவுக்குக் கழுதை மேல் போனவை எத்தனை?
அபராதம் ஒரு பிழைக்கா, ஒரு ஏட்டுக்கா?
யாரிடம் போய்க் கேட்பது?

ஆணியில் கோபேரின் மேலங்கி தொங்கிக்கொண்டிருந்தது.
அர்ராஸ் ஊர்ப் பையன்.
இதே கட்டுக்காக அடகு வைத்தான், சொன்ன நாளில் திருப்பினான்.
ஓரத்தில் மைக்கறை என்று சொல்லி
அங்கியை நான் தரவில்லை.
அந்தக் கறை அவனுக்கு முன்பே இருந்தது.
சேன் நதியில் பனிக்கட்டி மிதக்கிற மாதம்.
பையன் ஊருக்குப் போய்விட்டான் என்கிறார்கள்,
இல்லை, மருத்துவமனையில் கிடக்கிறான் என்றும்.

விளக்கை இழுத்து வைத்துக்கொண்டேன்.
சுரண்டுகத்தியால் இருபத்தேழாம் சொல்லின்
நடுவில் மூன்று எழுத்துகளைச் சுரண்டினேன்.
தோல் பஞ்சு பஞ்சாய் எழுந்தது.
ஊதிவிட்டுப் பார்த்தேன்.
இரு முனையிலும் பாம்பு, நடுவில் வழுக்கை.

துறவி சொன்ன எழுத்துகள் என்ன?
கேட்க மறந்திருந்தேன்.
கேட்டிருந்தாலும் எழுதியிருப்பேனா, தெரியாது.

பழையதையே திருப்பி எழுதினேன்.
சுரண்டிய தோல் மையை அதிகம் குடிக்கும்,
அங்கே மட்டும் எழுத்து தடித்துக் கறுத்து நிற்கிறது.
மற்ற முப்பதும் என் கடையாள் பார்த்து எழுதியவை,
அவன் யாரையோ பார்த்து, அந்த யாரோ இன்னொருவனைப் பார்த்து.
இது ஒன்றுதான்
தெரிந்தே எழுதியது.

காலையில் ஒருவன் வந்தான்.
மூக்கு சிவந்து, விரல்கள் விறைத்து.
"பதினான்கு இருக்கிறதா?"
இருக்கிறது என்றேன்.
அடகுக்கு என்ன வைக்கட்டும் என்று
கழுத்துக் கொக்கியைக் கழற்றப்போனான்.
ஆணியை நான் பார்க்கவில்லை.
அவன் பார்த்தான்.
"நல்ல அங்கி. விலைக்கா?"